கீழுதடு

எங்கள் வீட்டு வாசல் மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் கிண்ணி இருக்கும். அதில் பாதிக்கு விளக்கெண்ணெய். விடியக்காலம் நாலு மணிக்கு உப்பளத்துக்குக் கிளம்பும்போது அப்பா அதில் விரலை முக்கி முதலில் தொப்புளில் ஒரு சொட்டு வைப்பார். பிறகு அதே விரலை உதட்டில் ஓட்டுவார். தொப்புளில் எண்ணெய் வைத்தால் உதடு வெடிக்காது என்பது ஆச்சி சொன்ன வைத்தியம். அப்பா முப்பது வருஷம் அதைத் தவறாமல் செய்தார். உதடும் முப்பது வருஷம் தவறாமல் வெடித்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே முத்தையாபுரம் பக்கம் எங்கள் தெரு. உப்பளத்தோடு சம்பந்தமில்லாத வீடு அங்கே ஒன்றோ இரண்டோதான். தை பிறந்ததும் பாத்தி மிதிக்கத் தொடங்கினால் ஐப்பசி மழை வரை வேலை. இறைத்துவிட்ட உப்புத்தண்ணீர் தெப்பத்தில் நின்று, பாத்தி பாத்தியாக இறங்கி, வெயிலில் கனத்துக்கொண்டே வரும். அந்தக் கனத்தின் அளவு 24, 25 டிகிரி வந்ததும் உப்பு விளையும். 30-ஐ நெருங்கவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து படிந்து சரக்கைக் கெடுத்துவிடும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்தாக வேண்டும். அந்தத் தண்ணீருக்கு நஞ்சோடை என்று பெயர். டிகிரி பார்க்கக் கண்ணாடிக் குழாய் உண்டு. அப்பா விரலைத் தொட்டு நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். வெடித்த உதட்டில் அது பட்டால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன். “உசுரு போயிட்டுத் திரும்பி வரும்” என்றார், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

உதடு வெடிப்பதற்கு எங்கள் தெருவில் ஒரே காரணம்தான் உண்டு. சூடு. வெயிலின் சூடு இல்லை, உடம்புச் சூடு. அதற்காக சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், வெறும் வயிற்றில் ஊறின வெந்தயம், சீசனுக்கு நுங்கு, டீயைக் குறை என்று அம்மாவின் ஓயாத நச்சரிப்பு. அப்பா டீயைக் குறைக்கவில்லை. ஆகவே குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான். உதடு வெடித்த ஒவ்வொரு முறையும் அம்மா டீக்கடையைத் திட்டினாள். கால் வைத்தால் கொப்புளிக்கும் வரப்பில் நின்றுகொண்டு உடம்புக்குள்ளே சூட்டைத் தேடிய கூட்டம் நாங்கள். தலைக்கு மேலே யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் கண் கூசும் என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு தடவை சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை. அன்றைக்குப் பன்னிரண்டே காலைத் தாண்டி வெட்டவெளியில் நின்றால் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் கம்பை நட்டுவைத்து இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என் வழக்கம். ஓர் ஆசிரியனாக எனக்குப் பிடித்த பாடம் அது. அந்த இரண்டு நாட்களும் உப்புச் சீசனுக்கு நடுவிலேதான் வருகின்றன என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. என் பாடத்துக்கு வேண்டிய கம்பாக அப்பா பாத்தியில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

மேலிருந்து மட்டும் என்றாலாவது பரவாயில்லை. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாய் நிற்கும். பாத்தியின் தரையும் வெள்ளை. முதல்முறை அளத்துக்குப் போகிறவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு தலையைக் குனிவார்கள். குனிந்தாலும் அதே கூச்சம் கீழேயிருந்து வரும். வெளிச்சம் அங்கே மழைபோலப் பெய்து, பிறகு ஊற்றுபோலப் பொங்கவும் செய்யும். தலையில் கட்டின துண்டு உச்சந்தலையைக் காக்கும். உதட்டுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

1991 நவம்பரில் தென்னாப்பிரிக்கா கிரிக்கெட் ஆட இந்தியா வந்தபோது எனக்குப் பதினொரு வயது. தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி. கொல்கத்தாவில் நடந்த முதல் ஆட்டத்தில் ஆலன் டொனால்ட் ஓடிவந்து பந்து போட்டதைப் பார்த்து நாங்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். ஐந்து விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்தியாதான் ஜெயித்தது. மறு வருஷம் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை. விடியக்காலம் நாலரைக்கே ஆட்டம் தொடங்கிவிடும். அப்பாக்கள் உப்பளத்துக்கும் பிள்ளைகள் டிவி வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கிளம்பிய நாட்கள் அவை. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் சிலர் மூக்கில், கன்னத்தில், உதட்டில் வெள்ளையாய் எதையோ அப்பிக்கொண்டு நிற்பார்கள். அது என்ன என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. அது வேகப் பந்துவீச்சோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்பது எங்கள் முடிவு. எதிரியைப் பயமுறுத்தப் பூசுவது என்றான் ஒருவன்.

மறுநாளே காய்ந்த கழிமுகத் தரையில் எங்கள் டீம் மூக்கிலும் உதட்டிலும் திருநீறு பூசிக்கொண்டு இறங்கியது. வேலை முடிந்து சைக்கிளில் வந்த அப்பா எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏலே, துன்னூற நெத்தியில பூசணும்னுகூட ஒங்களுக்குச் சொல்லித் தரலையா?”

கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்து, பாதியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். விரலை எடுத்தபோது அதில் ரத்தம். துண்டில் துடைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அந்த வெள்ளைப் பூச்சு துத்தநாக ஆக்சைடு என்பதும், வேர்க்குருவுக்கு அம்மா எங்களுக்குத் தடவிவிடும் ரோஸ் நிறக் காலமைன் மருந்திலும் அதுவே இருக்கிறது என்பதும், சூரியனின் புற ஊதாக் கதிரை அது தடுத்து நிறுத்தும் என்பதும் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 1981லேயே ஒரு கடற்பறவைக் கார்ட்டூனை ஆடவிட்டு, சட்டை போடு, பூச்சுப் பூசு, தொப்பி வை என்று டிவியில் பாட்டாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்த டிவியில் அந்தப் பாட்டு வரவில்லை. பூச்சு மட்டும் வந்தது. அதையும் திருநீறாக்கிவிட்டோம்.

2009 வாக்கில் அப்பாவின் கீழுதட்டில், இடது ஓரத்திலிருந்து நடு வரைக்கும், ஒரு வெளிறல் வந்தது. கருஞ்சிவப்பாக இருந்த உதட்டில் சாம்பலும் வெள்ளையுமாய் ஒரு திட்டு. மேலே செதிள் கட்டும், உரிந்துவிடும், மறுபடியும் அதே இடத்தில் கட்டும். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் மூன்று மாதம் வீட்டில் இருக்கும்போது மற்ற வெடிப்பெல்லாம் ஆறிவிடும். இந்தத் திட்டு மட்டும் ஆறவில்லை. கவிகள் உதட்டைப் பவளம் என்று பாடி வைத்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாக்காரனுக்குப் பவளம் என்றால் அதன் இன்னொரு சங்கதியும் தெரியும். சூடு தாங்காவிட்டால் அது வெளுத்துப்போகும்.

முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை கட்டு பீடி?”

அப்பா பீடி குடித்தவர் இல்லை. வெற்றிலைகூட கல்யாண வீட்டோடு சரி. அதைச் சொன்னதும் டாக்டர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்றேன். சத்துக்குறைவு என்று பி காம்ப்ளக்ஸ் மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு வருஷம் அதைச் சாப்பிட்டார் அப்பா. அந்தக் கேள்வியில் தப்பில்லை என்பது இப்போது எனக்குப் புரிகிறது. நம் நாட்டில் வாயில் வரும் கெட்ட வியாதிகளுக்குப் புகையிலைதான் முதல் காரணம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இல்லை என்று பதில் வந்த பிறகு இரண்டாவதாக ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டாமா? என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. அப்பாவுக்கோ மாத்திரையைவிட அந்தச் சந்தேகப் பார்வைதான் பெரிதாக இருந்தது. “பீடி குடிக்கவனுக்குக் குடுத்த மாத்திர நமக்கு எப்படிக் கேக்கும்?” என்று சொல்லிச் சொல்லியே அதை விழுங்கினார்.

2011இல் திருநெல்வேலியில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நடுத்தர வயது அம்மா. அவர் முதலில் கேட்டதே வேலையைத்தான். உப்பளம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் உட்கார்ந்தார். கையுறை போட்ட விரலால் அப்பாவின் கீழுதட்டின் ஓரத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே போய், “ஐயா, இங்க ஒரு கோடு இருக்கணுமே, எங்க?” என்றார்.

உதட்டின் சிவப்பு முடிந்து முகத்தோல் தொடங்கும் இடத்தில் எல்லாருக்கும் தெளிவாக ஒரு விளிம்பு உண்டு. வரைந்து வைத்ததுபோல இருக்கும். அப்பாவுக்கு மேலுதட்டில் அது இருந்தது. கீழே அழிந்துபோயிருந்தது. தினமும் பார்த்த முகம். நான் கவனித்ததே இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை யாரிடம் பேசினாலும் என் கண் முதலில் அந்தக் கோட்டைத் தேடுகிறது. மரியாதைக் குறைவான பழக்கம்தான், விட முடியவில்லை.

“வீட்டுக்குத் திண்ணை மாதிரி ஐயா, கீழுதடு” என்றார் டாக்டர். “மேலுதட்டுக்கு மூக்கு தாழ்வாரம். வெயில் நேரா விழாது. திண்ணை வெளிய நீட்டிக்கிட்டு வானத்தப் பாத்துக் கெடக்கு. முகத்துல எண்ணெய் வடியும், வேர்க்கும். ஒதட்டுல அந்தச் சுரப்பி ரெண்டும் கெடையாதுன்னே வச்சுக்குங்க. தோலும் முகத்துத் தோலவிட ரொம்ப மெல்லிசு. நம்ம நெறத்துக்கு மத்த எடத்துல உள்ள பாதுகாப்பு அங்க கொறைவு.”

“நான் டெய்லி எண்ண தேய்க்கேன்லா?”

“எண்ணெய் ஈரம் போகாமப் பாத்துக்கும். வெயில நிறுத்தாது.”

அப்பா தலையாட்டினார். முப்பது வருஷக் கிண்ணி ஒரு வாக்கியத்தில் காலியானதை அவர் முகத்தில் பார்த்தேன். உப்புக் காற்றில் உதடு காயும்போது நாக்கால் நனைத்துக்கொள்வீர்களா என்று டாக்டர் கேட்டார். அது யார்தான் செய்யமாட்டார்கள்? எச்சில் காயும்போது உள்ளே இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும், அதனால் இன்னும் வெடிக்கும் என்றார்.

வியாதியின் பெயரை ஆக்டினிக் கைலைட்டிஸ் என்று சீட்டில் எழுதினார். வெயில் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த கணக்கு. வெளிநாடுகளில் உழவன் உதடு, மாலுமி உதடு என்றும் இதைச் சொல்வார்களாம். அந்தப் பட்டியலில் உப்பளக்காரனைக் காணோம். உதட்டிலிருந்து மிளகு அளவு சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர எடுத்த நாட்களில் அம்மா டீக்கடையைத் திட்டுவதை நிறுத்தியிருந்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

“புற்றுநோய் இல்ல” என்றார் டாக்டர். “ஆனா அந்தப் பக்கமாத் திரும்பி நிக்குது.”

அந்தத் திட்டைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்து எடுத்தார்கள். சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர். அப்பாவின் வாழ்க்கையில் அவர் தொட்ட அதிகபட்சக் குளிர் அதுவரை ஐஸ் வண்டிக்காரனின் குச்சி ஐஸ்தான். உதடு வீங்கி, நீர் கோத்து, பொருக்கு கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் புதுத்தோல் வந்தது. “சூட்டுக்குச் சூடு வச்ச மாதிரி எரியுது, ஆனா பனிக்கட்டிங்கானுவ” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு பெருமை அவருக்குக் கிடைத்தது.

சிகிச்சை சுலபமாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் பாடு. அகலமான விளிம்புள்ள தொப்பி, உதட்டுக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத பூச்சு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, எதையாவது குடித்தாலோ சாப்பிட்டாலோ மறுபடியும். எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைப்பையன் எடுத்து வைத்த டப்பாவின்மேல் செர்ரிப் பழமும் ஒரு பெண்ணின் உதடும். வேறு இல்லையா என்றேன். ஸ்ட்ராபெர்ரி இருக்கிறது என்றான். விலை, அப்பாவின் ஒருநாள் கூலியில் பாதிக்கு மேல்.

அப்பா அந்தக் குச்சியைத் திருகினார். மேலே எழும்பி வந்ததைப் பார்த்தார். பழையபடி திருகி இறக்கினார்.

“இது சாயம்லா?”

“சாயம் இல்லப்பா. மருந்து.”

“மருந்துக்கு எதுக்குலே இந்த வாசன?”

நியாயமான கேள்வி. இந்தச் சாமானைச் செய்து விற்கிறவர்களின் மனக்கண்ணில் உப்பளத்தில் வாருபலகை பிடித்து நிற்கும் ஐம்பத்தாறு வயது ஆள் ஒருநாளும் வந்திருக்கமாட்டான். உலகத்தில் உதட்டுப் புற்றுநோய் ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. டப்பாவில் மட்டும் எப்போதும் பெண்ணின் உதடு.

அவர் அதைத் தூக்குச்சட்டியின் அடியில் ஒளித்து எடுத்துக்கொண்டு போனார். இரண்டாம் நாளே ஆள்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். “அண்ணாச்சி லிப்ஸ்டிக் போடுதாவ” என்று ஒருவன் ஆரம்பிக்க, வாரக்கணக்கில் அது ஓடியது. அப்பா குச்சியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார். நான் கோபப்பட்டேன். அறிவியல் வாத்தியாரின் கோபம். படம் போட்டு விளக்கினேன், பயமுறுத்தினேன், ஒன்றும் பலிக்கவில்லை.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். அவளும் அதே அளத்தில் இருபது வருஷம் உப்புச் சுமந்தவள். பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை மாட்டி, தலையிலிருந்து துணியைச் சுற்றி மூக்கு வாய் எல்லாம் மூடி, கண் மட்டும் தெரிய வேலை செய்வார்கள். வெயிலுக்குக் கறுத்துவிடுவோம் என்பதுதான் அவர்கள் கணக்கு. உதட்டைப் பற்றி யாரும் நினைத்ததில்லை. ஒரே அளம், ஒரே வெயில். அம்மாவின் உதட்டில் அந்தக் கோடு இன்றைக்கும் பிசிறில்லாமல் இருக்கிறது. அப்பாவோடு வேலை செய்த ஆண்கள் யாராவது வாயை மூடித் துணி கட்டியிருந்தால் பொம்பளை மாதிரி என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை கீழுதடுகள் அங்கே வெந்தன என்று கணக்கெடுக்க யாரும் இல்லை.

அம்மா செய்தது இதுதான். பூச்சை வழித்து ஒரு பழைய தைல டப்பாவில் அடைத்தாள். பச்சை மூடி, தேய்ந்துபோன எழுத்து. மூட்டு வலிக்குத் தைலம் வைத்திருப்பது ஆம்பளைக்கு ஒன்றும் கேவலம் இல்லையே. நேரத்துக்கும் ஒரு கணக்குச் சொன்னாள். “நீச்சத்தண்ணி குடிச்சாச்சா, வாயத் தொடச்சாச்சா, பூசுங்க. டீ குடிச்சாச்சா, பூசுங்க.” கடிகாரம் பார்க்காத மனுஷனுக்கு அது பிடிபட்டது. என் பங்குக்கு நான் ஒன்று சொன்னேன். நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் வெயில் கெட்ட வெயில், அப்போது பூச்சு இல்லாமல் இருக்கக் கூடாது என்று. நிழல் பார்த்தே நேரம் சொல்கிறவருக்கு நான் நிழலைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

தொப்பி விஷயத்தில் அவரே ஒரு முடிவு எடுத்தார். கடைத் தொப்பி காற்றுக்கு நிற்கவில்லை. பனையோலையில் ஒன்று முடையச் சொல்லி, தாடைக்குக் கீழே கயிறு வைத்துக் கட்டிக்கொண்டார். மேல் வெயில் நின்றது. கீழேயிருந்து வருகிற வெளிச்சத்துக்குத் தைல டப்பா.

பிறகு 2020 வந்தது. ஊரே வாயை மூடிக்கொண்டு திரிந்தது. அளத்திலும் மாஸ்க் போடச் சொன்னார்கள். ஆள்கள் எல்லாரும் மூச்சு முட்டுகிறது என்று தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். அப்பா மட்டும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார். துணி மாஸ்க், அம்மா பழைய வேட்டியில் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தது. கட்டாயம் போன பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. கேட்டால், “கொரோனா முழுசாப் போயிட்டுன்னு யாருலே சொன்னா?” என்பார்.

இப்போது அவர் பாத்தியில் இறங்குவதில்லை. அதே அளத்தில் வாச்சுமேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி போய் உதட்டைக் காட்டிவிட்டு வருகிறோம். ஒருமுறை பக்கத்தில் இன்னொரு சின்னத் திட்டு வந்தது; அதையும் உறையவைத்து எடுத்தார்கள். போன ஏப்ரலில் பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கொட்டகை நிழலில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இருபது வயது இருக்கும். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தான். அப்பா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். மடியிலிருந்து தைல டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து, நகத்தால் ஒரு கிள்ளு எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

பையன் மோந்து பார்த்தான். “என்ன தாத்தா, செர்ரி வாசம் அடிக்கி?”

“பேசாமப் பூசு.”

அவன் விரலில் தொட்டு மேலுதட்டில் இழுத்தான்.

“அங்க எதுக்குலே? கீழ, கீழ பூசு” என்றார் அப்பா.